கண்டெடுத்த இடம்: டீன்ஸ் பாலம்

கிங்ஸ்டன்,
1984 பிப்ரவரி 13

மதிப்பிற்குரிய மிஸ் ஐசில்டா குவாரி அவர்களுக்கு,

தாங்களும் தங்களைச் சேர்ந்தவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நான் நலமே.

என் பெயர் எக்பர்ட் சமூடா. கிங்ஸ்டன் அருங்காட்சியகத்தில் பதிவெழுத்தர். தங்களுக்கு என்னை நினைவிருக்குமோ என்னவோ. 1961-இல் எங்கள் லாரி தங்கள் ஊரின் டீன்ஸ் பாலத்தில் நின்றிருந்தபோது, உயிரோடு ஒரு கலிவாஸ் அரணையைத் தாங்கள் எங்களிடம் கொடுத்தீர்கள். ஆரஞ்சு நிற வயிறு கொண்டது. அது இன்றும் எங்கள் அலமாரியில் சாராயப் புட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வகையை வேறு யாரும் எங்கும் பார்த்ததாகப் பதிவு இல்லை.

புதிதாக வந்திருக்கும் டாக்டர் மிஸ் லீ-சிங், அந்த இனம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தேடுகிறார். அட்டையில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "கண்டெடுத்த இடம்: டீன்ஸ் பாலம், ஆற்றங்கரை. கொடுத்தவர்: உள்ளூர்ப் பெண்." டாக்டர் இரண்டு முறை பாலத்துக்கு வந்து தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

சரியாக எந்த இடத்தில் பிடிபட்டது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். வருடக் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன். அதற்குள் இந்த அட்டையை முடித்துவிட விருப்பம்.

தங்கள் உண்மையுள்ள,
எ. சமூடா

•

வெஸ்ட்மோர்லாண்ட்,
1984 பிப்ரவரி 27

சமூடா துரை அவர்களுக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் கல் மாதிரி இருக்கிறேன். முட்டி மட்டும் மழை வருவதை ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. உங்கள் உடம்பும் என் உடம்பு மாதிரியே இருக்கட்டும், முட்டி நீங்கலாக.

உங்கள் கடிதத்தைத் தபால்கார மிஸ் பாப்ஸி கையில் கொடுக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஐசி, கவர்மெண்ட் சீலு. யாரு வீட்டுக் கோழியத் தூக்குனே?" என்றாள். "உன் வீட்டுது கெழட்டுக் கோழி, அதை யாரு தூக்குவா," என்று வாங்கிக்கொண்டேன்.

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. மழைக்கு ஒதுங்கிய அளவுதான் பள்ளிக்கூடம் போனேன். அந்த வருடம் மழை கொஞ்சம் நீளமாகப் பெய்ததால் எழுத வந்தது.

நினைவிருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஒல்லியாக, காது ரெண்டும் திறந்துவைத்த ஜன்னல் மாதிரி, காக்கிக் கால்சட்டை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றில் நின்ற ஒரு ஆளை நினைவிருக்கிறது. அது நீங்களா, உங்கள் அண்ணனா தெரியவில்லை. ஈஸ்டருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். எந்த ஈஸ்டர் என்று நான் கேட்க மறந்துவிட்டேன்.

அப்புறம் அது என்ன, உள்ளூர்ப் பெண்? லாரி பழுதாகி எங்கள் சின்னம்மா வீட்டில் தங்கிச் சாப்பிட்ட நாளெல்லாம் எனக்கு ஒரு பெயர் இருந்ததாக ஞாபகம். ஒருவர் அதை நிறையத் தடவை கூப்பிட்டதாகவும் ஞாபகம்.

உங்கள் டாக்டரைப் பார்த்தேன். பாலத்தடியில் கல் கல்லாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். நண்டு பிடிக்கத் தெரியாத பெண் என்று நினைத்து ஒரு மீன் வறுத்துக் கொடுத்தனுப்பினேன். நான் இப்போது மீனும் மரவள்ளிப் பம்மி ரொட்டியும் சுட்டு விற்கிறேன். என்னோடு இருந்த ஆள் பர்மிங்ஹாமுக்குப் பஸ் ஓட்டப் போனான், அந்த ஊர்ப் பஸ்ஸிலேயே வேறொருத்தியோடு ஏறிக்கொண்டான். பிள்ளை குட்டி இல்லை.

இடம் எனக்குத் தெரியும். ஆனால் எழுதினால் அரை வரியில் முடிந்துபோகும். அரை வரிக்காக ஒரு தபால்தலையை வீணாக்க மனம் வரவில்லை. முதலில் உங்கள் வீடு வாசல் எப்படி, வீட்டம்மா சுகமா, இதையெல்லாம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உள்ளூர்ப் பெண்

•

கிங்ஸ்டன்,
1984 மார்ச் 19

அன்புள்ள மிஸ் குவாரி,

கடிதம் கிடைத்தது. தங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தாங்கள் கேட்டபடி: என் மனைவி காலமாகிவிட்டார். மகள் டொராண்டோவில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவாள். எனக்குக் கொஞ்ச நாளாகச் சர்க்கரை, அதனால் இனிப்பை விட்டுவிட்டேன். காதுகள் இருந்தபடியே இருக்கின்றன.

ஈஸ்டர் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை வேறொரு சமயம் எழுதுகிறேன்.

பெயர் விடுபட்டதற்கு வருந்துகிறேன். அப்போது அட்டையில் ஊர்க்காரர்களின் பெயரை எழுதுகிற வழக்கம் இல்லை. எழுதியிருக்கலாம்.

அரணை பிடிபட்ட விவரத்தைத் தயவுசெய்து தெரிவிக்கவும். அரை வரியானாலும் சரி.

தங்கள்,
எக்பர்ட் சமூடா

•

வெஸ்ட்மோர்லாண்ட்,
1984 ஏப்ரல் 25

அன்புள்ள சமூடா,

சுகமாக இருக்கிறேன். உங்கள் வீட்டம்மா ஆத்மா நல்ல இடத்தில் இருக்கட்டும். சர்க்கரைக்குப் பாகற்கொடி இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும். கசக்கிறது என்று முகம் சுளித்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

ஈஸ்டர் முடிந்ததும் எழுதலாம் என்று காத்திருந்தேன். இந்த வருடமும் வந்து போய்விட்டது. ஈஸ்டர் பன்னும் சீஸும் வாங்கி வைத்து நானே தின்றேன்.

சரி, விவரம். அன்றைக்கு ஆடு ஒன்றைத் தேடிப் போன இடத்தில் குதிகாலில் சுருக்கென்றது. பார்த்தால் கலிவாஸ். எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னிக்கொண்டு, வயிற்றில் ஆரஞ்சு. கலிவாஸ் கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதுவும் தண்ணீருக்கு ஓடும், நாமும் ஓட வேண்டும். யார் முதலில் தொடுகிறார்களோ அவர்கள் பிழைப்பார்கள். நான் ஓடினேன். முள், கல், சாணி எதையும் பார்க்கவில்லை. என்னோடு வந்த மாஸ் ஓபிக்கு அன்றைக்கு மட்டும் மூளை வேலை செய்தது. மண்ணெண்ணெய்த் தகரத்தை அதன்மேல் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டான். "நீ ஓடு ஐசி, இவன நான் புடிச்சு வெச்சுக்கறேன்," என்று அவன் கத்தியது ஆறு வரைக்கும் கேட்டது.

இடுப்பளவு தண்ணீரில் விழுந்து, செத்துப்போகவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டு நிமிர்ந்தால் பாலத்தின்மேல் லாரி. லாரியிலிருந்து நீங்கள். பின்னாலேயே ஓபி தகரத்தோடு வந்தான். "எங்க கெடச்சது?" என்று கேட்டீர்கள். "இங்கதான்," என்றேன். நான் பிழைத்த இடத்தைச் சொன்னேன். கடிபட்ட இடத்தை யாராவது பெருமையாகச் சொல்வார்களா?

எங்கிருந்து ஓடி வந்தேன் என்பது அடுத்த தபாலில். ஓபியை எழுதிக் கேட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். "வாயத் தொறந்தா உனக்கு என் கடையில மீன் இல்ல," என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நலம் விரும்பும்,
ஐசில்டா

•

கிங்ஸ்டன்,
1984 மே 14

அன்புள்ள ஐசில்டா,

நலமா? தங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். தகரத்தின்மேல் ஓபி உட்கார்ந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இந்த அறையில் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

டாக்டரிடம் சொன்னேன். "அப்ப இத்தனை வருஷமா அட்டையில இருக்கறது ஓட்டம் முடிஞ்ச இடமா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் வெளிநாட்டில் படித்தவர். நானோ செயின்ட் மேரி நாட்டுப்புறத்தில் பிறந்தவன். தாங்கள் "இங்கதான்" என்றபோது எனக்கு அது கொஞ்சமும் தப்பாகப் படவில்லை. நானாக இருந்தாலும் தண்ணீரைத்தான் சொல்லியிருப்பேன்.

எந்தப் பக்கமிருந்து ஓடி வந்தீர்கள்? மலைப்பக்கமா, கரும்புத் தோட்டப் பக்கமா? அட்டையில் திருத்தி எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இலைக் கஷாயம் குடிக்கிறேன். முகம் சுளிக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும்.

தங்கள்,
எக்பர்ட்

•

வெஸ்ட்மோர்லாண்ட்,
1984 மே 28

அன்புள்ள எக்பர்ட்,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் கடிதம் வருகிற நாளில் நான் மீனைக் கருக்கிவிடுகிறேன் என்று மிஸ் பாப்ஸி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும். இது அந்தப் பாதி.

யோசித்துப் பார்த்தேன். இடத்தை எழுதிவிட்டால் அட்டை முடியும். அட்டை முடிந்தால் அருங்காட்சியகத்துக்கு என்னிடம் வேறு வேலை இல்லை. அப்புறம் மிஸ் பாப்ஸி எனக்கு மின்சார பில் மட்டும்தான் கொண்டுவருவாள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அதில் விருப்பமில்லை.

ஆகையால் என் ஏற்பாடு இது. நீங்கள் நேரில் வாருங்கள். இடத்தைக் காட்டுகிறேன். உங்களுக்கு மட்டும். டாக்டருக்குக் கூடக் காட்டமாட்டேன். கொஞ்சம் ஏற வேண்டும், அவ்வளவுதான். கவர்மெண்ட் சம்பளத்தில் வாங்கிய செருப்பு தேய்ந்துபோகும் என்று பயந்தால் வெறுங்காலோடு ஏறுங்கள். கிங்ஸ்டன்காரன் கால் மண்ணைப் பார்த்து எத்தனை காலமோ.

காத்திருக்கும்,
ஐசில்டா

•

வெஸ்ட்மோர்லாண்ட்,
1984 ஜூலை 16

அன்புள்ள எக்பர்ட்,

நான் சுகம். நீங்கள் சுகம்தானா?

தபால் தொலைந்திருக்கலாம் என்று மறுபடி எழுதுகிறேன். அந்தப் பழைய கடிதத்தில் செருப்பைப் பற்றி ஏதோ கிண்டல் செய்திருந்தேன். கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி போடலாம். என் வாய்க்கு ஊரே பழகிவிட்டது. உங்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

மாம்பழம் முடிந்துவிட்டது. உங்களுக்கு ஆகாது என்பதால் நான் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. பலாக்கொட்டை எடுத்து வைத்தேன். அதில் சர்க்கரை இல்லை என்று நர்ஸம்மா சொன்னாள், அப்புறம் இருக்கிறது என்றும் சொன்னாள்.

நேற்று ஓபி கேட்டான், "ஏன் ஐசி, கிங்ஸ்டன்காரன் என்ன சொல்றான்?" என்று. "அரணை மாதிரி, ஒரு தடவ தலையக் காட்டிட்டுப் பொந்துக்குள்ள போயிட்டான்," என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஒரு வரி போதும்.

ஐசில்டா

•

கிங்ஸ்டன்,
1984 ஆகஸ்ட் 20

அன்புள்ள ஐசில்டா,

நலம். தங்கள் நலமறிய ஆவல். இரு கடிதங்களும் கிடைத்தன. கோபம் ஏதுமில்லை. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

என்னால் வர இயலாது. அலுவல் அதிகம். டாக்டர் லீ-சிங் செப்டம்பர் முதல் வாரத்தில் வருவார். அன்புகூர்ந்து இடத்தை அவருக்குக் காட்டவும்.

எக்பர்ட்

•

வெஸ்ட்மோர்லாண்ட்,
1984 செப்டம்பர் 9

எக்பர்ட்,

நீ சுகமா என்று இனிமேல் சும்மா கேட்கப்போவதில்லை. பதில் வேண்டும் என்றுதான் கேட்பேன்.

அலுவல் அதிகம் என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை. அட்டைக்கு மேல் அட்டை அடுக்குகிற வேலையில் அப்படி என்ன அலுவல்? வரமாட்டேன் என்று எழுதிவிட்டு ஜீப்பில் வந்து இறங்குவாய், என்னைத் திகைக்க வைக்கப் பார்க்கிறாய் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நீலக் கவுனைத் தேய்த்துப் போட்டேன். மீன் பொரித்து, சர்க்கரை போடாமல் எலுமிச்சைத் தண்ணீர் கரைத்து வைத்தேன்.

ஜீப் வந்தது. டாக்டர் இறங்கினாள். மற்றக் கதவு திறக்கவேயில்லை.

"மிஸ் குவாரி, நான்தான் லீ-சிங்," என்றாள்.

"பக்கத்துல யாரும் வரலையா?"

"யாரு?"

"காது பெருசா இருக்கும்."

அவள் கொஞ்ச நேரம் என் கவுனையே பார்த்தாள். "சமூடா உங்ககிட்டச் சொல்லலையா? ஜூன்லயே எடது கால எடுத்துட்டாங்க. முழங்காலுக்குக் கீழ. சர்க்கரையில புண்ணு ஆறாமப் போச்சு. உங்க கடுதாசியெல்லாம் நான்தான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போய்க் குடுப்பேன்."

நான் எலுமிச்சைத் தண்ணீரை ஊற்றி அவளுக்குக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரையே இல்லையே," என்றாள்.

"இல்ல," என்றேன்.

அப்புறம் அவளைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். உனக்கு மட்டும் என்று சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற முடியவில்லை. மாஸ் ஓபியும் தகரத்தை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். அவனைத் தடுக்க முடியாது.

சுவரோரம் சரிந்து கிடந்த கற்களை டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து வைத்தாள். எவ்வளவோ நேரம். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று டாக்டர், "இருக்கு," என்றாள், கோயிலில் பேசுகிற குரலில். பார்த்தேன். அதே மினுமினுப்பு. அதே ஆரஞ்சு வயிறு. அவள் கையை நீட்டினாள், அது அவள் விரலைக் கவ்வியது.

நான் என்ன செய்வேன் என்று நினைக்கிறாய்? அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன்.

"மிஸ் குவாரி, அதுக்கு வெஷமே கெடையாது."

"இருக்கட்டும், ஓடு."

"நான் இதைப் பத்திப் படிச்சுப் பட்டம் வாங்கியிருக்கேன்."

"பட்டத்த அப்புறமா கொண்டாரலாம், இப்ப உசுரு வரட்டும்."

பின்னால் ஓபி தகரத்தைக் கவிழ்க்க இடம் தேடிக் கத்திக்கொண்டிருந்தான். பாதி வழியில் எனக்கு உன் நினைப்பு வந்து கால் பின்னிக்கொண்டது. நடக்க வரவில்லை. கடிபட்டவள்தான் என்னைத் தூக்கி நிறுத்தி இழுத்துக்கொண்டு ஓடினாள். ரெண்டு பேரும் ஆற்றில் விழுந்தோம். அவள் சிரித்தாள், அழுதாள், "உசுரோட இருக்கு, மிஸ் குவாரி, உசுரோட இருக்கு," என்று தண்ணீரை அடித்தாள். நானும் அழுதேன். அவள் அரணைக்காக என்று நினைத்திருப்பாள்.

ஓபி தகரத்தை வெறும் தரையில்தான் கவிழ்த்தான். அரணை தண்ணீர்ப் பக்கமே வரவில்லையாம். திரும்பிக் கல்லுக்குள் போய்விட்டதாம். அவனுக்கு அது பெரிய வருத்தம்.

இப்போது எழுதிக்கொள். டீன்ஸ் பாலம் இல்லை. பாலத்துக்கு வடக்கே மலைமேல், பழைய கரும்பாலையில் பாகு காய்ச்சிய வீடு, கிழக்குச் சுவர் சரிந்த கற்குவியல்.

முடிந்தது. உன் அட்டையை மூடிக்கொள். இனி எனக்கு எழுத உனக்கு ஒரு காரணமும் கிடையாது. அதை நானே என் கையால் கொடுத்துவிட்டேன்.

ஐசில்டா

•

கிங்ஸ்டன்,
1984 நவம்பர் 5

ஐசி,

நீ எப்படி இருக்கிறாய்? நான் ஊன்றுகோலோடு வராந்தா வரை நடக்கிறேன். காயம் ஆறிவிட்டது. நீ பதில் வேண்டும் என்று கேட்பதாக எழுதியதால் முதலில் இதைச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் வீட்டுக்கு எடுத்து வந்த அட்டையைத் திருத்திவிட்டேன். ஓய்வு பெறும் முன் நான் எழுதும் கடைசி அட்டை அதுதான். "கண்டெடுத்தவர்: ஐசில்டா குவாரி" என்று எழுதி, அதற்குக் கீழே ஓபியின் பெயரையும் எழுதினேன். தகரத்துக்கு மரியாதை செய்ய வேண்டும். பாலத்தையும் அடித்துவிடவில்லை. டாக்டர் அடிக்கச் சொன்னார். "ஓடி முடித்த இடம்" என்று குறிப்பில் சேர்த்துவிட்டேன்.

அருங்காட்சியகத்துக்கு இனி உன்னிடம் கேட்க ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் காலையிலிருந்து இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், நாலு தாளைக் கிழித்துப் போட்டேன்.

காலைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் கடிதங்களில் நான் ஆற்றில் நிற்கிற ஒல்லி ஆளாக இருந்தேன். படிக்கும்போது எனக்கும் ரெண்டு காலும் இருந்தன. அதை விட மனம் வரவில்லை.

ஈஸ்டரைப் பற்றியும் எழுத வேண்டும். முதல் ஈஸ்டரில் டிக்கெட் வாங்கினேன். நீ என்னைக் கேலி செய்து அனுப்பிவிடுவாய் என்று பஸ் நிலையத்தில் பயம் வந்து திரும்பிவிட்டேன். அடுத்த ஈஸ்டரில் வெட்கமாக இருந்தது. அப்புறம் கல்யாணம்.

அந்தப் பாகு காய்ச்சிய வீட்டை ஒரு தடவை உன்னோடு ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இனி அந்த மலையை நான் எப்படி ஏறுவேன்?

எக்பர்ட்

•

வெஸ்ட்மோர்லாண்ட்,
1984 நவம்பர் 19

எக்பர்ட்,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. வராந்தா வரை நடக்கிறாய் என்று படித்ததும் மிஸ் பாப்ஸிக்கு ஒரு மீன் சும்மா கொடுத்தேன். அவள் பயந்துபோய் ரெண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றாள்.

பஸ் நிலையம் வரைக்கும் வந்து திரும்பிப் போனாய் என்று இப்போது சொல்கிறாய். இதை நான் மன்னிக்க நாளாகும். அந்த நாளெல்லாம் நீ எதிரில் உட்கார்ந்திருந்தால்தான் என்னால் மன்னிக்க முடியும், தபாலில் முடியாது. கேலி செய்வேன் என்று பயந்தாயாம். செய்திருப்பேன். இப்போதும் செய்வேன். உன் காலைப் பற்றிக்கூடச் செய்வேன், பக்கத்தில் இருந்துகொண்டு.

மலையை எப்படி ஏறுவேன் என்று கேட்டிருக்கிறாய். மலையில் உனக்கு என்ன வேலை? அங்கே இருப்பது அரணை. அதை டாக்டர் பார்த்துக்கொள்வாள். மாதம் ஒரு முறை வந்து கல்லைப் புரட்டிவிட்டுப் போகிறாள், போகும்போது மீன் வாங்கிக்கொண்டு போகிறாள்.

நான் கீழே இருக்கிறேன், சமதரையில். சாவன்னா-லா-மார் போகிற பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் ஐசில்டா கடை என்று சொல். வாசலிலேயே நிறுத்துவான். நீ இறங்கினால் போதும்.

ஐசி